நிற்காமல் வந்த வண்டி

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐவி எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை. மைசூரில் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்ஸ். காய்ச்சல் எத்தனை மணிக்கு ஏறியது, மூச்சு எத்தனை மணிக்கு நின்றது என்று நிமிடம் பிசகாமல் குறித்துப் பழகியவள். இதில் வருகிற நேரமெல்லாம் அவள் கைக்கடிகாரம் காட்டிய நேரம்.

அவள் கணவன் தேவநேசன் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய டீசல் வேனை வாங்கினான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, கை கழுவச் சின்னத் தொட்டி என்று ஒவ்வொன்றாக வைத்து அதைக் கேம்பர் வேனாக மாற்றினான். டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே பலகை அடித்து மூடினான். அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. வீட்டை ஒட்டி, மூடிப்போன மரக்கடையின் கொட்டகை. மேலே தகரம், முன்னால் இரும்பு ஷட்டர். வேன் அதற்குள் நிற்கும்.

மே மாதம் ஒகேனக்கல் போய்விட்டுப் பாலாறு வழியாகத் திரும்பும்போதுதான் ஆல்டர்னேட்டர் கெட்டது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றே சொல்வார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறிய சிறிது நேரத்தில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்தது. நல்ல மழை. ஹெட்லைட் மங்கிக்கொண்டே போனது. நடுவில் எங்காவது நின்று எஞ்சின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, யானைக் காட்டில் குழந்தையோடு விடிய விடியக் கிடக்க வேண்டியதுதான் என்றான் தேவநேசன். அப்போது மணி 6.50. ஒரு வளைவில், ரோட்டுக்குக் கீழே, மரங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு வேனின் உள் விளக்கு.

"அம்மா, அங்க ஒரு அக்கா கை காட்டுறா" என்றாள் ஏழு வயது மகள் கேரல்.

யாரோ சுற்றுலா வந்து தங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாள் ஐவி. நீயும் டாட்டா காட்டு என்றாள். கேரல் காட்டினாள்.

வண்டி நிற்கவில்லை.

அதன் பிறகு மழைக்காலம் முழுக்க வேன் கொட்டகையிலேயே கிடந்தது. தசரா வந்ததும் ஊட்டிக்கு ஒரு சவாரி அமைந்தது. மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ஆனால் மறுநாள் ஆயுத பூஜை. ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் மதியமே ஸ்பேனர்களைக் கழுவி, பூஜைக்கு வைத்துவிட்டார்கள். பூஜை முடியாமல் எடுக்க மாட்டார்கள். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே, நானே வீட்டில் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான் தேவநேசன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கெம்பையனிடம் அதே மாடல் ஆல்டர்னேட்டர் ஒன்று கிடைத்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாராம்.

மாலை 5.10. ஐவி டியூட்டி முடித்து வந்து டார்ச் பிடிக்க நின்றாள். தேவநேசன் முதலில் பேட்டரியின் வயரைக் கழற்றினான். அந்த வண்டிக்கு ஒரே பேட்டரிதான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். கேரலுக்கு இளைப்பு உண்டு. ஈரத்தில் நிற்கக் கூடாது. அதனால் கலர் பென்சில்களோடு வேனுக்குள் ஏறிப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டாள். இன்ஹேலர் ஐவியின் பையில் இருந்தது.

5.25. ஐவி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். வேனுக்குள் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, உள்ள லைட்டு எரியுது."

"பேட்டரியே கழட்டியாச்சு, எங்கருந்து எரியும்? நைட் டியூட்டி பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு பூத்துடுச்சு, நர்சம்மா. டார்ச்சை நேரா பிடி. ஊசி போடற கை இப்படியா ஆடும்?"

மறுபடி பார்த்தபோது விளக்கு இல்லை.

5.45. பழைய ஆல்டர்னேட்டர் கழன்று வந்தது. கெம்பையன் கொடுத்ததைப் பிரித்தார்கள். சுற்றியிருந்த செய்தித்தாள் முழுக்க நனைந்திருந்தது. கூரையில் ஒழுகல் எதுவும் இல்லை. தேவநேசன் அதைச் சாய்த்தான். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. சிவப்புத் தண்ணீர். சேற்று நிறம். மண்ணெண்ணெய் வாசனை கொஞ்சமும் இல்லை. காட்டில் மழை பெய்தால் வருமே, அந்த வாசனை.

கெம்பையன் சரியாகத் துடைக்கவில்லை என்று முனகிக்கொண்டே தேவநேசன் அதைப் பொருத்தினான். போல்ட்டை இறுக்கி, பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

6.15.

டொக்… டொக்… டொக்.

உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்.

"கேரல், சும்னிரு" என்று கன்னடத்தில் அதட்டினான் தேவநேசன். சும்மா இருக்கச் சொன்னான்.

"நான் இல்ல டாடி."

டொக்… டொக்… டொக்.

ஐவி எட்டிப் பார்த்தாள். கேரல் படுக்கையின் இந்தக் கோடியில் குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். சத்தம் வந்தது அந்தக் கோடியிலிருந்து. மழைதான், தகரத்தில் விழுகிறது என்று ஐவி தனக்கே சொல்லிக்கொண்டாள்.

6.38. பேட்டரி வயரை மாட்டி, சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. தேவநேசன் முகம் மலர்ந்தது. பிறகு பழைய மெக்கானிக்குகள் செய்கிற ஒரு சோதனையைச் செய்தான். ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிவிடுவது. செய்யக் கூடாது என்பார்கள், ஆனாலும் எல்லோரும் செய்வார்கள். டைனமோ நல்லதாக இருந்தால் எரிகிற ஹெட்லைட் அணையாது.

அணையவில்லை. இன்னும் பளிச்சென்று எரிந்தது.

ஆபரேஷன் சக்சஸ் என்றான் தேவநேசன்.

6.44. பின் கண்ணாடியின் திரை அசைந்தது. சின்னக் கை ஒன்று வெளியே வந்து ஆட்டியது. கேரல்தான். ஐவி சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கை ஆட்டினாள்.

பக்கத்தில் இன்னொரு கை வந்தது. அதுவும் ஆட்டியது.

ஐவியின் சிரிப்பு நின்றது.

இரண்டுமே… வலது கை.

6.46. எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். தேவநேசன் சாவியைத் திருப்பி உருவினான். சாவி அவன் கையில் இருந்தது.

எஞ்சின் நிற்கவில்லை.

பக்கக் கதவுக்கு ஓடினாள். கைப்பிடி அசையவில்லை. தேவநேசன் ஸ்பேனரால் கண்ணாடியை ஓங்கி அடித்தான். ஒரு கீறல்கூட விழவில்லை.

புகை கண்ணைக் கரித்தது. திரும்பிப் பார்த்தாள்.

பாதி இறக்கியிருந்த ஷட்டர்… தரை வரைக்கும் இறங்கியிருந்தது.

தேவநேசன் ஓடிப்போய்த் தூக்கினான். அது அசையவில்லை.

உள்ளே கேரல் இருமினாள். மறுபடி இருமினாள். அந்த இருமல் ஐவிக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் என்பதும் தெரியும்.

6.49.

"அம்மா…" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரல் இழுத்தது. "இந்த அக்கா கேக்கறா…"

"என்ன கேக்கறா?"

"ஏன் நிக்கலன்னு."

ஐவிக்கு எல்லாம் நினைவு வந்தது. மழை. வளைவு. மரங்களுக்கு நடுவே வெளிச்சம்.

6.50.

இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தாள்.

"நிக்கிறேன்மா… எங்கயும் போகல. இதோ, நிக்கிறேன்…"

எஞ்சின் நின்றது.

கிளிக்.

கதவு திறந்துகொண்டது.

கேரலை வாரி எடுத்து இன்ஹேலரை வாயில் வைத்தாள். ஒன்று. இரண்டு. இளைப்பு மெல்லத் தணிந்தது. ஷட்டர் இப்போது ஒரே இழுப்பில் மேலே போனது. மழையில் நனைந்தபடி மூவரும் வெளியே நின்றார்கள். கொட்டகைக்குள் வேன் இருந்தது. பேட்டரி வயர் தரையில் கிடந்தது. கூரை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பின் கண்ணாடியில், உட்பக்கமாக, சிவப்புச் சேற்றில் கை அச்சுகள். கேரலின் கையை விடக் கொஞ்சம் பெரிய கை.

ஊட்டிச் சவாரியை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் தேவநேசன் அந்த ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டான். பேட்டரியையும் வண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான்.

தசரா முடிந்து இரண்டு நாள் கழித்து ஐவி மட்டும் கெம்பையன் கடைக்குப் போனாள். அந்த ஆல்டர்னேட்டர் எந்த வண்டியினுடையது என்று கேட்டாள். கெம்பையன் பாலாற்றுப் பக்கம் கௌதள்ளி ஊர்க்காரர். கொங்குப் பக்கத்துப் பேச்சு. முதலில் மழுப்பினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். மே மாதம் பாலாற்று ரோட்டில் பள்ளத்தில் இறங்கிய வேன் அது. போலீஸ் விடுவித்த பிறகு போன மாதம்தான் அவர் கைக்கு வந்தது. தாயும் தகப்பனும் முன் சீட்டிலேயே போய்விட்டார்கள். பின்னால் ஒன்பது வயதுப் பெண் குழந்தை. கால் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியவில்லை.

"எஞ்சின் நிக்கவே இல்லீங்களாம். காலைல ஆளுங்க எறங்கிப் பாக்கறப்பவும் உள் லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சாம். கண்ணாடி பூரா கை அச்சு. விடியக்காலம் நாலு மணி வரைக்கும் உசுரு இருந்திருக்குதுன்னு டாக்டரு சொன்னாராம்."

அந்த வழியாக யாருமே போகவில்லையா என்று ஐவி கேட்டாள்.

"அன்னைக்கு மழைல மரம் சாஞ்சு ரோட்டை மூடிட்டாங்க. அதுக்கு முந்தி ஒரே ஒரு வண்டி போயிருக்குது. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்ன. அது நின்னிருந்தாப் புள்ள பொழைச்சிருக்குமுங்க."

கெம்பையன் அவள் முகத்தைப் பார்த்தார். சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஏனுங்கம்மா… டைனமோ சரியா வேலை செய்யலீங்களா?"

கொட்டகை மூலையில் பெல்ட் இல்லாமல், வயர் இல்லாமல், வெறும் தரையில் கிடக்கிற அதை ஐவி நினைத்துக்கொண்டாள். முந்தின நாள் மாலை 6.50க்கு, பேட்டரியே இல்லாத வேனின் ஜன்னலில் தெரிந்த வெளிச்சத்தையும்… வீட்டு வாசலில் நின்று அதற்குக் கை ஆட்டிக்கொண்டிருந்த கேரலையும்.

"செய்யுதுங்க" என்றாள். "நேத்தும் செஞ்சுது."