மாறாத கடவுளும் கொழும்புத்துறை மரியதாஸ் அங்கிளும்

யாழ்ப்பாணத்துக்கு இதற்கு முன் நான்கு முறை போயிருக்கிறேன். கோட்டை, நூலகம், ஐஸ்கிரீம், திரும்பி வருதல், அவ்வளவுதான். சென்ற மாதம் போனது வேறு விதமான பயணம். கொழும்பில் என்னோடு பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் ரெஜினாவின் கல்யாண அறிவித்தலைக் கேட்கப் போனேன். உற்சாகம் இன்னும் தணியவில்லை. எழுத்து கொஞ்சம் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவித்தல் என்றால் என்ன என்று என்னைப் போன்ற சைவக்காரருக்குச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர், ஊரில் சாமியார் என்பார்கள், வாசிப்பார். மாப்பிள்ளை ஜெரோம், மன்னார்ப் பக்கம். சிக்கல் எங்கே என்றால், ரெஜினா ஆறு வருடம் கன்னியாஸ்திரியாக இருந்தவள். வாழ்நாள் முழுக்க மடத்தில் இருப்பேன் என்ற நிரந்தர வார்த்தைப்பாடு கொடுக்கும் முன்பே முறைப்படி விடைபெற்று வந்துவிட்டாள். மடத்தில் ஒருவரும் கோபிக்கவில்லை. தகப்பன் மரியதாஸ்தான் அன்றிலிருந்து அவளோடு கதைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணியளவில் நானும் ரெஜினாவும் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினோம். ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். வவுனியாவில் வந்த உழுந்து வடையைத் தவறவிடாதீர்கள், நான் மூன்று சாப்பிட்டேன். கொடிகாமத்தில் வண்டி நின்றபோது ரெஜினா கையிலிருந்த வடையை என்னிடம் தந்துவிட்டாள். இனி அவள் வீடு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆகவே நான்கு.

யாழ்ப்பாண நிலையத்தில் பிற்பகல் மூன்று மணி. அங்கிருந்து ரெஜினாவின் ஊரான கொழும்புத்துறைக்கு நான்கு கிலோமீற்றர்தான். ஓட்டோக்காரர் அவள் ஊர்ப் பக்கத்தவர்போல, அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “சிஸ்ரரெல்லே? லீவிலை வந்தனீங்களோ?” என்றார்.

“இல்லை அண்ணை, இப்ப சிஸ்ரர் இல்லை. கலியாணம் முற்றாகியிருக்கு.”

அவர் ஒரு சந்தி தாண்டும் வரை யோசித்தார். “அப்ப அறுநூறு தாங்கோ. சிஸ்ரர்மாருக்கெண்டால்தான் குறைக்கிறனான்.”

வீட்டில் அன்ரி, அதாவது ரெஜினாவின் அம்மா, நண்டுக்கறியும் புட்டும் வைத்திருந்தார். அந்த நண்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ஆனால் பரிமாறிக்கொண்டே அவர் சொன்ன செய்தியில் எனக்குப் புட்டு இறங்கவில்லை.

“உவர் அப்பா சாமியாரிட்டைப் போய்த் தன்ரை பேரை வாசிக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார், பிள்ளை.”

தகப்பன் உயிரோடு இருக்க, அவர் பெயர் இல்லாமல் அறிவித்தல் வாசித்தால் முழுப் பங்குக்கும், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த எல்லாருக்கும், விளங்கிவிடும், பெற்றவனே கைகழுவிவிட்டான் என்று. ரெஜினா கைகூடக் கழுவாமல் எழுந்து கடற்கரைக்கு நடந்தாள். நான் கழுவிவிட்டு ஓடினேன்.

மரியதாஸ் அங்கிள் வள்ளத்தின் அருகே இருந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றிக்கொண்டிருந்தார். மகளை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“பிள்ளை, உவளுக்குச் சொல்லு. காத்து மாறும், சோழகம் போய் வாடை வரும். கடல் மாறும். மாறாதவர் அவர் ஒருத்தர்தான். அந்தத் துணிவிலைதான் நான் தொழிலுக்குப் போறனான். உவளைக் கூப்பிட்டவர் இப்ப வேண்டாமெண்டு மனம் மாறிப்போட்டாரோ? கேட்டுச் சொல்லு.”

அவள் மூன்று அடி தூரத்தில் நிற்கிறாள்! தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் கடவுளைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை, போயும் போயும் ஒரு சைவக்காரிக்கு. நான் திரும்பி வாய் திறக்கும் முன் அவளே பதில் சொன்னாள்.

“அவர் கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை, அப்பா. நீங்கள் நேந்ததுதான் கேட்டது.”

கதை இதுதான். அவள் சிறுமியாக இருந்தபோது அங்கிளின் வள்ளம் எஞ்சின் நின்று இரண்டு இரவு கடலில் அலைந்திருக்கிறது. இரண்டாம் இரவு, கரை சேர்ந்தால் மகளை உமக்கே தருகிறேன் என்று கடவுளிடம் நேர்ந்திருக்கிறார். மறுநாள் வேறொரு வள்ளம் கண்டு இழுத்துவந்தது.

“என்னைக் கரை சேர்த்தவர், அவர் சொல்லுத் தப்பேல்லை,” என்று அங்கிள் என்னிடம் சொன்னார். “குடுத்ததைத் திருப்பி எடுத்தால், உவளுக்கு ஏதும் நடந்திட்டால் நான் என்ன செய்யிறது?”

இவ்வளவு நாளும் அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தோம். பயம்!

“நீங்கள் நேராமல் விட்டிருந்தால் உங்களைக் கடலிலையே விட்டிருப்பாரோ?” ரெஜினா அருகில் வந்து குந்தினாள். “என்னைத் தாறன் எண்டு சொன்ன பிறகுதான் இரங்கினவர் எண்டால், நீங்கள் அவற்ரை மனத்தை மாத்தினதெண்டெல்லே வரும்? மாறாதவர் எண்டால், முதல் இரவே உங்களிலை இரக்கமாத்தானே இருந்திருப்பார். என்னிலையும் இனி அப்பிடித்தானே இருப்பார்?”

அங்கிள் கையில் இருந்த நண்டு அவர் விரலைக் கவ்வியது. அதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். திரும்பும் வழியில் ரெஜினாவை நான் விடவில்லை: கடவுள் மாறவே மாட்டாரென்றால் எதற்கு மன்றாடுகிறீர்கள்?

“பல்லு வலிச்சால் அம்மாட்டைச் சொல்லுறேல்லையோ? முகத்தைப் பாத்தே அவவுக்குத் தெரியும். எண்டாலும் போய்ச் சொல்லுவம்தானே,” என்றாள்.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. ரயில் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், நேரம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். ஓட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசுங்கள். நண்டு வாங்குவதென்றால் விடியற்காலையில் கரைக்கே போங்கள், வெயில் ஏறினால் நல்லது போய்விடும். கோயிலுக்குத் தோள் மூடிய உடுப்பு. பூசைக்குக் கால்மணி முன்பே போனால்தான் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும்.

ஞாயிறு காலை ஆறரைப் பூசை. நான், ரெஜினா, அன்ரி மூவரும் பெண்கள் பக்கம். அங்கிள் ஆண்கள் பக்கம், மூன்றாவது வரிசை வாங்கில். பூசை முடிவில் சாமியார் தாளை விரித்தார். மன்னாரைச் சேர்ந்த இன்னாரின் மகன் ஜெரோமுக்கும், எமது பங்கைச் சேர்ந்த ரெஜினாவுக்கும். அவ்வளவுதான். கோயிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார் சாமியார்.

மூன்றாவது வாங்கிலிருந்து மரியதாஸ் அங்கிள் எழுந்தார்.

ரெஜினாவின் நகம் என் கையில் பதிந்தது. சாமியாரின் முகம் வெளிறிவிட்டது.

“சாமி, அதிலை ஒரு பிழை இருக்கு,” என்றார் அங்கிள். “மரியதாஸின்ரை மகள் எண்டதை விட்டிட்டியள். அவள் மரியதாஸின்ரை மகள். திருப்பி வாசியுங்கோ.”

சாமியார் முதலிலிருந்து, இம்முறை அங்கிளின் பெயரோடு சத்தமாக, வாசித்தார். அது முடியும் வரை அங்கிள் உட்காரவில்லை. சைவக்காரி நான், இடம் பொருள் பாராமல் பூசைக்குள் கைதட்டிவிட்டேன். ஒருவரும் என்னை முறைக்கவில்லை. எனக்கு முன்பே அன்ரி தட்டத் தொடங்கியிருந்தார்.