பொட்டாஷ் வடித்த மருமகள்

ஹனூரில் எங்கள் அப்பா கரும்புக்கு வாங்கிவரும் சிவப்பு உரத்துக்குப் பொட்டாஷ் என்று பெயர். கடைக்காரர் சாம்பல் சத்து என்பார். சாம்பலுக்கும் அந்தச் செக்கச்செவேலென்ற உப்புக்கும் என்ன உறவென்று நான் யோசித்ததே இல்லை. கல்யாணமாகி மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது மாநிலத்துக்குக் கர்நாடகா என்று புதுப் பெயர் வந்திருந்தது. பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் விஷயத்தைச் சொன்னாள்.

“பெரிய மருந்துன்னு நெனச்சீங்களா அண்ணி? அந்தக் காலத்துல விறகுச் சாம்பல்ல தண்ணி ஊத்தி வடிச்சு, அதைப் பானைல வத்தக் காய்ச்சுவாங்களாம். டச்சுக்காரங்க வச்ச பேரு. பாட்ன்னா பானை, ஆஷ்ன்னா சாம்பல். அஷ்டே, அவ்ளோதான்!”

“அட, அந்தச் சாம்பத் தண்ணியத்தானே கண்ணு எங்கூர்ல வாராவாரம் வடிச்சுத் துணி தொவைக்கறோம்!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டிக்காடு என்று என்னைக் கிண்டல் செய்யும் வீட்டில், என் கைவேலை புத்தகத்திலேயே இருக்கிறது! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோல் பரப்பி, அடுப்புச் சாம்பலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். சொட்டியதில் கணவரின் வெள்ளை யூனிஃபாரத்தை ஊறப்போட்டேன். அவர் டிக்கெட் பரிசோதகர். வேலை நிரந்தரமாகுமா என்று முடிவு செய்யும் அதிகாரி மறுநாள் வருவதாக இருந்தது. ஊரில் நாங்கள் எரித்தது புளிய விறகு, இங்கே எரிந்தது நிலக்கரி. சாம்பல் என்றால் எல்லாம் சாம்பல்தானே என்று இருந்துவிட்டேன். மரத்துச் சாம்பலில்தான் அந்தச் சத்து தண்ணீரில் இறங்கும் என்பதை நாத்தனார் பிறகு சொன்னாள். சட்டை எலி நிறத்தில் வந்தது. எத்தனை அலசியும் போகவில்லை. மாற்றுச் சட்டையோ தையற்காரரிடம்.

கணவர் திட்டவில்லை. அதையே போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“டோபி கெடுத்துட்டான்னு சொல்லித் தப்பிச்சேன். வேலை கெட்டி!”

மாமியார் என் வாயில் சர்க்கரை போட்டார்.

மறுநாள் காலை, ஸ்டேஷன் துணி வெளுக்கும் டோபி வாசலில் நின்றார். “உங்க வீட்டுத் துணிய நான் கெடுத்துட்டேன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்க, எந்தத் துணிம்மா? கொஞ்சம் காட்டுங்க. இனிமே ஸ்டேஷன் துணி வேற ஆளுக்காம். நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல.”

“உங்க தப்பு இல்லீங்க. நாந்தான் கெடுத்தேன்,” என்றேன்.

முகத்தில் சோப்போடு சவரம் செய்துகொண்டிருந்த கணவரை அவர் பார்த்தார். “சுவாமி, இதைக் கொஞ்சம் ஸ்டேஷன்லயும் சொல்லிடறீங்களா?”

கணவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நேற்று கெட்டியான வேலை என்னாகும் என்ற பயம் வாயை அடைத்தது.

டோபி என் பக்கம் திரும்பி, “நீங்களாச்சும் சொன்னீங்களேம்மா,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடைப் போல வேறெதுவும் என்னைக் கூனிக்குறுக வைத்ததில்லை.