பிரிக்காத பிளாஸ்டிக்

2003 வாக்கில் திருவொற்றியூரில், எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து டைப்பிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். கரி லாரிகள் போகிற தெரு அது. எதைத் தொட்டாலும் கை கறுக்கும். அதனால் புதிதாக எது வாங்கினாலும் நாங்கள் கவரைப் பிரிக்க மாட்டோம். டிவி ரிமோட், நாற்காலி, சாமி படம் எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான்.

கம்ப்யூட்டருக்குத்தான் கவர் போட முடியவில்லை. உள்ளே, சூடாகும் பிராசஸர் சிப்பைக் குளிர்விக்க அதன் மேல் இருந்த ஃபேன் கரி அடைத்து நின்றே போனது. அலுமினியத் தகடுகள் வைத்த பெரிய ஃபேனாக ஒன்று வாங்கி வந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடு என்றார் கணவர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழசைக் கழற்றி, அடியில் காய்ந்திருந்த பசையைத் துடைத்து, புதுசை நானே மாட்டினேன். அதன் அடிப்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். தூசி போகாமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் கணவரை இழந்த ஓர் அம்மா வந்தார். மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் அவருடைய தம்பியும் கூட வந்திருந்தார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு அடிக்க வேண்டும். ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும், அன்றுதான் கடைசி நாள். அரைப் பக்கம் அடிப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால், சூடு அதிகம் என்று எச்சரிக்கை காட்டிவிட்டு மறுபடியும் அணைந்தது. அந்த அம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேன் சரியாக அழுந்தவில்லை என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். கிளிப்பின் மேல் ஸ்குரூ டிரைவரை வைத்து ஓங்கி அழுத்தப் போன கையைத் தம்பி பிடித்துவிட்டார்.

"இரும்மா. வழுக்கிச்சுன்னா போர்டே பூடும். மொதல்ல பிளக்கைப் புடுங்கிட்டியா?"

இல்லை. அவர் கேட்ட பிறகுதான் பிடுங்கினேன். அவர் விரலை நீட்டி அந்தத் தகடுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடு அதிகம்னு சொல்லுது, இது இன்னா சில்லுனு கீது? இன்ஜின் கொதிச்சு ரேடியேட்டர் சில்லுனு இருந்தா, நடுவுல இன்னாவோ அடச்சிகினு கீதுன்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்று ஆறவிட்டுக் கழற்றித் திருப்பினேன். அந்த பிளாஸ்டிக்தான். உரித்தால், பிராசஸரில் ஒட்டிச் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்த வேண்டிய புதுப்பசை அதற்கடியில் அப்படியே இருந்தது. அவர் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு பக்கக் கிளிப்பையும் மெதுவாக மாட்டினேன். அதன் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை. நாலு மணிக்கு மனு பிரிண்ட் ஆகி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாடா ஆச்சு அதுக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். என் மானம் போகப் போகிறது என்று தலை குனிந்துகொண்டேன். தம்பி அந்த பிளாஸ்டிக்கைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. மிசின் சூடாயிடுச்சு. இந்தம்மா சரி பண்ணிட்டாங்க."

இரண்டு நாள் கழித்துத் தெருவில் டேங்கரை நிறுத்தி, "மனு குடுத்தாச்சும்மா, டயத்துக்குப் பூட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் இன்றுவரை யாராவது என் முன்னால் தப்புச் செய்துவிட்டு முழித்தால், பக்கத்தில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.