டயர் உரசும்

டெல்ஃபினோ ஆர்ச்சுலேட்டா செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்தார். புதன்கிழமை காலைக் காப்பி கொதிக்கும்போதே, அவரைக் கல்லறைக்கு எதில் கொண்டுபோவது என்று உறவு முடிவு செய்துவிட்டது.

"அவன் வண்டியிலதான் அவன் போகணும்," என்றாள் பெர்லிண்டா அத்தை. டெல்ஃபினோவுக்கு அக்கா. பன்றிக்கறியும் சோளமும் சிவப்பு மிளகாயில் வெந்த பானையை மேசையில் இறக்கிவிட்டு, கையிலிருந்த துணியைக்கூட வைக்காமல் சொன்னாள். "வாடகைக் கறுப்பு வண்டியில என் தம்பிய ஏத்த விடமாட்டேன். இந்தப் பள்ளத்தாக்குல நல்ல வண்டி வெச்சிருந்தவன் எல்லாம் அவனவன் வண்டியிலதான் போயிருக்கான். நீ சொல்லு எப்பி."

எப்பி, டெல்ஃபினோவின் பள்ளிக்காலக் கூட்டாளி. வெல்டர். டெல்ஃபினோவின் வண்டியை, பின்னால் சுமைத்தொட்டி உள்ள அந்தப் பிக்கப்பை, தரையோடு தரையாகத் தாழ்த்திக் கொடுத்தவர் அவர்தான். கோப்பைக்குள் பார்த்தபடி, "கொரினாவைக் கேளு. இப்ப வண்டி அவளோடது," என்றார்.

எல்லோரும் கொரினாவைப் பார்த்தார்கள். ஒரே மகள். அம்மா அவள் கல்லூரியில் இருக்கும்போதே இறந்துவிட்டாள். கொரினா ஆல்புகர்க்கி நகரத்தில் பொறியாளர். ஒரு ஸ்பிரிங்கை எத்தனை முறை அமுக்கினால் அது சோர்ந்துபோகும் என்று சோதிப்பது அவள் தொழில். நேற்றிலிருந்து அழவில்லை. அழுகை எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டுச் சொல்றேன் அத்தை," என்று கொட்டகைக்குப் போனாள்.

அறுபத்தாறாம் வருஷத்துச் செவர்லே. பாசிப்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. படுத்த நாயைப் போலத் தரையில் கிடந்தது. பெரிய சக்கரங்கள் மட்கார்டின் வளைவை அடைத்துக்கொண்டு நின்றன. டயருக்கும் தகரத்துக்கும் நடுவே கொரினா விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழைந்தது. அப்பாவின் எடை, பெட்டியின் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு. மனக்கணக்கே போதும். இரண்டு விரல் இறங்கும். கல்லறை மேட்டுக்கு ஏறும் மண்பாதையில் முதல் பள்ளத்திலேயே தகரம் டயரைக் கிழித்துவிடும்.

அந்த வண்டி எப்போதும் அப்படி இருந்ததில்லை.

டெல்ஃபினோ சாலைத் துறையில் வேலை பார்த்தார். வேலை நேரத்தில் ரோட்டுக்குச் சரளை கொட்டினார். மற்ற நேரமெல்லாம் ஊருக்குச் சுமந்தார். பிக்கப் வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து விறகு. முதல் லோடு பெர்லிண்டா அத்தை வீட்டு முற்றத்தில் இறங்கும், பிறகுதான் மற்றவர்களுக்கு. மிளகாய் அறுவடையில் மூட்டைகள். யாரோ வீடு கட்டினால் மண்கல். கூட்டாளி ரூபன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுத் தனியே போனபோது அவனுடைய ஃப்ரிட்ஜ். சமாதானமானதும் அதே ஃப்ரிட்ஜ் திரும்பி வரும். அடுத்த சண்டையில் மறுபடி போகும். "அந்த ஃப்ரிட்ஜுக்கு வீடே என் வண்டிதான்," என்பார் டெல்ஃபினோ. சொல்லிக்கொண்டே கயிற்றை எடுப்பார்.

அவர் வாயில் 'முடியாது' வராது. பாதிச் சாப்பாட்டில் யாராவது கதவைத் தட்டினால், "அரை மணியில வந்துடறேன்," என்று எழுந்துபோவார். தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைப்பாள் அம்மா.

ஓர் அக்டோபரில், அக்கா வீட்டில் விறகு இறக்கும்போது குனிந்தவர் நிமிரவில்லை. முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஊருக்கும் அது தெரியும். ஊர் மரியாதையாகத்தான் கேட்டது. "நீ தூக்க வேணாம் டெல்ஃபினோ, வண்டிய மட்டும் கொண்டா." வண்டியைக் கொண்டுபோனவன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்க முடியுமா? தூக்கினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் எப்பியின் பட்டறைக்குப் போனார்.

"வண்டிய எறக்கணும் மச்சான்."

"எவ்ளோ?"

"ஒரு மூட்டை மிளகா வெச்சாலும் டயர் ஒரசணும். அவ்ளோ."

எப்பி முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அப்புறம் அது பிக்கப்பா, பூனைக்குட்டியா? எதுக்குடா?"

"எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. வண்டி சொல்லட்டும்."

எப்பி சிரித்தார். டெல்ஃபினோ சிரிக்கவில்லை. எப்பி முகமூடியை இறக்கிக்கொண்டார்.

உயரமான ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் போட்டார்கள். சக்கரங்களைச் சேர்க்கும் ஆக்சில் மேலே இடிக்காமலிருக்க, அடிச்சட்டத்தை அந்த இடத்தில் பிறைபோல வெட்டி, தடித்த தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். முன்பக்கமும் இறங்கியது. கடைசியில் பெரிய சக்கரம் மாட்டினார்கள். அந்த ஊரில் தாழ்த்திய வண்டிக்குச் சின்னச் சக்கரம்தான் அழகு. மற்றதெல்லாம் வெளியூர்க்காரன் வேலை.

"என்னடா இது, டெக்சஸ்காரன் மாதிரி தேர்ச் சக்கரம்?" என்று கூட்டாளிகள் வாரினார்கள்.

"சின்னச் சக்கரம்னா மேல எடம் மிஞ்சும். எடம் மிஞ்சினா நீங்க எதையாவது ஏத்துவீங்க."

முதலில் வந்து மாட்டியவர் பாதிரியார். திருவிழாவில் புனிதரின் சிலை வருஷா வருஷம் டெல்ஃபினோ வண்டியில்தான் ஊர்வலம் போகும். டெல்ஃபினோ வாசலுக்கு வந்து, கெட்ட வார்த்தை பேசிவிட்டவர் போல நின்றுகொண்டு, "டயர் ஒரசும் ஃபாதர்," என்றார். பாதிரியார் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

டெல்ஃபினோ உடனே மகளுக்குப் போன் போட்டார். "சொல்லிட்டேன்மா."

"யார்கிட்டப்பா? என்ன சொன்னீங்க?"

"ஃபாதர்கிட்ட. டயர் ஒரசும்னு." மறுமுனையில் வெகுநேரம் சிரித்தார். அப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது கொரினாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதே பதில்தான். ரூபனுக்கு, பக்கத்து வீட்டுக்கு, அக்காவுக்கு. அக்கா முணுமுணுத்துக்கொண்டே விறகைக் கடைக்காரனிடம் வாங்கினாள். டெல்ஃபினோ ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கையை ஜன்னலில் வைத்து, மெயின் ரோட்டில் காலி வண்டியை மெதுவாக ஓட்டினார். பெரிய சக்கரங்கள் சோம்பலாகச் சுற்றின. இரண்டு கோடைகள். அப்புறம் வயிற்றில் கட்டி.

கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது. எப்பி வந்து நின்றார்.

"பழைய ஸ்பிரிங் பரண்லதான் இருக்கு கண்ணு. பழைய வீலும் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள மாத்திடலாம். பெட்டி வெச்சாலும் ஒரசாது."

இருவருமாக இறக்கினார்கள். கொரினா இரண்டு ஸ்பிரிங்குகளையும் சிமெண்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். புதிதில் எவ்வளவு உயரம் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டும் அதைவிடக் குள்ளமாக நின்றன. இடதுபக்கத்து ஸ்பிரிங் வலதுபக்கத்தைவிட இன்னும் குள்ளம். அங்கே ஓட்டுபவர் இருக்கை இடதுபக்கம்; அப்பா உட்காரும் பக்கம். மேலே எதுவும் இல்லாதபோதும் அது அமுங்கியே இருந்தது. சோர்ந்த எஃகு திரும்ப நிமிராது. இதை அவள் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து ஸ்பிரிங்கின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. எப்பி கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

சற்றுக் கழித்து, "வேணாம் மாமா," என்றாள்.

"கணக்கு ஒத்து வரலியா?"

"ஒத்து வருது. இதை மாட்டினா இன்னும் ஒரு தடவை தாங்கும்."

"அப்புறம் என்ன?"

"அதான் வேணாம்."

சமையலறையில் அத்தை அதைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். "உன் படிப்பையெல்லாம் இங்க காட்டாதடி. மாத்தினா ஒரசாதுன்னு இவனே சொல்றான்."

"படிப்பும் மாத்தலாம்னுதான் சொல்லுது அத்தை. அப்பாவுக்கு இஷ்டமில்ல."

"அவன் எப்ப சொன்னான்? டயர் ஒரசும்பான். அது வண்டி விஷயம்."

"வண்டி விஷயம் இல்லக்கா," என்றார் எப்பி. அன்று பட்டறையில் டெல்ஃபினோ கேட்டதையும், எதற்கென்று சொன்னதையும் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார்.

அத்தை கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்கும் சேத்தா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் சேத்துதான்," என்றார் எப்பி.

அத்தை உட்கார்ந்தாள். "அப்ப என் தம்பி எப்படிப் போவான்?"

"எங்க தோள் மேல," என்றார் எப்பி.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து கல்லறை மேட்டுக்கு நடந்தே போனார்கள். தூக்க ஆள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, வாசலில் தள்ளுமுள்ளு. இடது முன்பக்கம் ரூபன்.

"ஃப்ரிட்ஜ் மாதிரி சாய்க்காதடா. நேரா புடி," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ஃப்ரிட்ஜை எங்கடா நான் தூக்கினேன்? அவன்தான தூக்கினான்," என்றான் ரூபன். தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தான்.

மூச்சு வாங்கும் இடத்தில் பெட்டியைக் கீழே வைத்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு, தோள் மாற்றிக்கொண்டு மறுபடி எடுத்தார்கள். காத்திருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். இறக்கியவர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் கொரினா வண்டியை ஓட்டிப்போனாள். நடை வேகம்தான். பின்தொட்டி காலி. பள்ளம் வந்தபோதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டாள். எங்கும் உரசவில்லை. கண்ணாடியில் பெட்டி, தலைகளுக்கு மேலே ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது.

கடைசி ஏற்றத்தில் மலர்வளையங்களைச் சுமந்து வந்த ஒருவர் களைத்துப்போய், நாலு எட்டு முன்னால் ஓடிவந்து வண்டியின் பின்கதவில் கை வைத்தார். பள்ளத்தாக்கில் எல்லோர் கைக்கும் பழக்கமான கதவு அது. கொரினா பிரேக்கை மிதித்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அதுல வைக்காதப்பா. டயர் ஒரசும்."

பெர்லிண்டா அத்தை ஊன்றுகோலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். பெரிய வளையத்தை அவரிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நின்று நின்று, மேட்டில் ஏறினாள்.