கைக்குப் போகிறவர்

கன்னியம்மா அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அவர் வயிற்றில் அடித்தவள் நான். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சில்வியா, ஊர் ராயபுரம். போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எண்ணூர்க் குப்பங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தேன். ஒரு குடும்பம் எதை நம்பிப் பிழைக்கிறது, அது நின்றுபோனால் வேறு எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. வருமானம் குறைவது மட்டும் வறுமை இல்லை, ஓர் அடி விழுந்தால் எழுந்திருக்க வழியில்லாததுதான் வறுமை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எல்லாம் புரிந்தவள் மாதிரி தலையாட்டினேன்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினான்கு வயதிலிருந்து ஆற்றில் இறால் பிடிக்கிறார். படகு கிடையாது, வலையும் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அடியில் இருக்கும் சேற்றைக் கையால் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். விரலில் பட்டதுமே இறாலா நண்டா என்று சொல்லிவிடுவார். பொடி இறால் அகப்பட்டால் விட்டுவிடுவார்.

"இத்த இன்னிக்கு எட்துகினா அடுத்த மாசம் கைக்கு சேறுதான் வரும்" என்பார்.

கணவர் பொன்னுரங்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். மூச்சிரைப்பு வந்து ஏழு வருஷமாக வீட்டோடு கிடக்கிறார். அவருக்கு மாத்திரை, மகள் கல்யாணம், கூரையை எடுத்துவிட்டு ஷீட் போட்டது எல்லாமே அந்த இரண்டு கையால்தான். எனக்கு இது நன்றாகவே தெரியும். அக்காவை நான் முதலில் பார்த்ததே தண்ணீரில்தான்.

கணக்கெடுக்க அவர் வீட்டுக்குப் போன அன்று, "உங்க தொழில் என்னக்கா?" என்று கேட்டேன்.

"எனுக்கு ஏதும்மா தொழிலு? சும்மா கைக்கு பூட்டு வருவேன்."

அந்தக் குப்பத்தில் தொழில் என்றால் படகும் வலையும்தான், அதாவது ஆம்பிளைகள் வேலை. பெண்கள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறினாலும் அதற்குப் பெயர் 'கைக்குப் போறது'. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வாள்.

என் கையில் இருந்த கருவியில் 'மீன்பிடி' என்று போட்டால் படகு எண்ணையும் வலை விவரத்தையும் கேட்டது. இரண்டும் இல்லையென்றால் 'பிற' என்று போட்டு விளக்கம் எழுத வேண்டும். பத்து நிமிஷம் பிடிக்கும். இன்னும் நாலு வீடு பாக்கி, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. 'இல்லத்தரசி' என்பதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

மழைக்காலத்தில் எங்கிருந்தோ எண்ணெய்க் கழிவு வந்து ஆறு முழுக்கப் படர்ந்தது. ஆற்றை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஆறு மாதம் அரிசி, பருப்பு, மருந்து கொடுக்க எங்கள் நிறுவனம் முன்வந்தது. என் கணக்கை வைத்துத்தான் பட்டியல் போட்டார்கள். இல்லத்தரசிக்கு அதில் ஏது இடம்? அக்காவின் பெயர் இல்லாததைப் பார்த்ததும் அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கேட்டேன். பட்டியலை மூடியாகிவிட்டது என்றார்கள். யார் தப்பு என்று மேலதிகாரி கேட்டபோது, "அந்தம்மா சொன்னதைத்தான் சார் எழுதினேன்" என்றேன். என் நாக்கு அழுகிப் போக.

மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, ஒரு மதியம் அவர் வீட்டுக்கே போனேன். அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்த் தண்ணீரில் இறங்கியதில் கால் முழுக்கச் சொறிந்து புண்ணாகியிருந்தது. பட்டியலில் பெயர் இல்லாததற்கு அவர் தன்னையேதான் திட்டிக்கொண்டிருந்தார்.

"நீ இன்னா பண்ணுவ பாப்பா? நாந்தான தொழிலு இல்லேன்னு வாய வுட்டேன்."

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. "இல்லக்கா. நீங்க தண்ணில வேலை செஞ்சத நான் பாத்திருக்கேன். பாத்துட்டும் எழுதல. ஆபீஸ்லயும் பழிய உங்க மேலயே போட்டுட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் கை நின்றது. "நீ பாத்தது எனுக்கும் தெரியும். கரையில நின்னுகினு கைய ஆட்னியே" என்றார். மறுபடியும் இறாலை உரிக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலாம்.

நான் எழுந்தபோது, "துன்ட்டு போ" என்று உட்காரவைத்தார். பொன்னுரங்கத்தின் தட்டிலும் தன் தட்டிலும் இறால் குழம்பை ஊற்றினார். எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. என் தட்டில் ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு முட்டைதான்.

"உனுக்கு எறா வேணாம் பாப்பா. சந்தையில எவனும் வாங்கறதில்ல, வயித்துக்கு ஆவாது."

"அப்ப நீங்க?"

"எங்களுக்கு வேற இன்னா கீது?" என்றார்.

முட்டையைச் சாப்பிட்டேன்.