எரிகோ மதிலும் கோமளாவும்

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் கோமளா எதற்கும் அஞ்சுகிறவள் இல்லை. பாம்பை அடித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடருவாள், கணக்கெழுதும் கிராணியோடு மல்லுக்கு நிற்பாள். வயிற்றில் வந்த பிள்ளைகள் இரண்டும் தங்காமல் போனபோதுதான் அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

மெர்லிமாவ் பக்கம், தோட்டத் தொழிலாளருக்கான லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் முனியாண்டி சூலம் ஒன்று நின்றது. புருஷன் பிச்சைமுத்துவின் அப்பா நட்டது. பிள்ளைக்காகக் கோமளா சேர்ந்த சபையின் போதகர் வந்து, பிள்ளை தங்காததற்கு அந்தச் சூலமே காரணம் என்று வேதத்திலுள்ள எரிகோ கதையைச் சொன்னார். யோசுவாவின் ஆட்கள் ஊரைச் சுற்றி வந்து ஆரவாரித்ததும் மதில் விழுந்ததாம். அதே மாதிரி சபையாரும் பாடிக்கொண்டு லயத்து வீட்டை ஏழு சுற்று சுற்றினார்கள். கோழிகள்தான் மிரண்டு ஓடின. கடைசிச் சுற்றில் கோமளாவே சூலத்தைப் பிடுங்கி ஆற்றில் வீசினாள். பிச்சைமுத்து அவளோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறு வருஷம், 1995இல், அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கையில், பஸ் ஏறிப் போகவேண்டிய தெங்கேராவில் வேத வகுப்பு நடந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஆசிரியர் அகழாய்வுப் படங்கள் காட்டினார். வேதத்தில் வரும் அந்த நாட்டின் வடக்கே கிடைத்த ஒரு பழங்கல்லில் ‘தாவீதின் வீடு’ என்று வெட்டியிருக்கிறதாம். தாவீது ராஜா இருந்ததற்குக் கல்லே சாட்சி என்று சபை மகிழ்ந்தது. எரிகோவைத் தோண்டியவர்கள் பலர், அந்த மதில் யோசுவா காலத்துக்கு வெகு முன்பே விழுந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். மண் சொல்வதையும் வேதம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்றார்.

வகுப்பு முடிந்ததும் கோமளா அவர் முன்னால் போய் நின்றாள்.

“அய்யா, அந்தச் செவுரு விழுந்துச்சின்னு நம்பித்தான்லா நான் எங்க சாமிய ஆத்துல போட்டேன். இப்ப நான் என்னா செய்ய?”

எந்தச் சாமி என்று கேட்டார். சொன்னாள். அவளுடைய வயிற்றைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படித்த மனிதர், ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது, காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. ஏசுவே என்று தொடங்கி நிறுத்தினாள். முனியாண்டி என்று கூப்பிட நாக்கு எழவில்லை. தன்னால் துரத்தப்பட்டவர் எந்த முகத்தோடு வருவார்? கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடமே கெஞ்சினாள்.

“எந்தச் செவுரு எப்ப விழுந்தா நமக்கென்னா. நீ அசைஞ்சிரு கண்ணு.”

மெர்லிமாவ் கடைத்தெரு வந்தபோது உள்ளே ஓர் உதை விழுந்தது. கோமளா வாய்விட்டு அழுதாள். நன்றி சொல்லக் கை கூப்பினாள். ஏசுவிடமா முனியாண்டியிடமா, ஒருவரிடம் சொன்னால் மற்றவர் கோபிப்பாரோ என்று பயந்து, கூப்பிய கையை மெல்லப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.