ஒரு கண் திறந்திருந்த ஜெபம்

ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறக்கக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழகிப்போன ஒழுங்கு. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊர்ச் சபையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையறியாமல் திறந்துவிட்டேன். முன்னால் சபைச் செயலாளர் கைகூப்பி நின்று முடிவு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, இந்த உபதேசியாரைப் போல ஒரு பாத்திரத்தை எங்களுக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம்! இவர் வாயைத் திறந்தால் வானமே திறக்கிறதே!" குரல் தழுதழுத்தது. ஆனால் அவருடைய ஒரு கண் திறந்திருந்தது. தான் சொல்வது எப்படி இறங்குகிறது என்று அந்தக் கண் உபதேசியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உபதேசியார் என் கணவர்.

நேருக்கு நேர் ஒருவர் புகழ்ந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஜெபத்தில் வைத்துப் புகழ்ந்தால் என்ன செய்வது? குறுக்கே பேச முடியாது. தலையைக் குனிந்து நிற்க வேண்டியதுதான். கடைசியில் சபை மொத்தமும் "ஆமென்" என்று வேறு சொல்லிவிடும். முதல் தடவை என் கணவர் வீட்டுக்கு வந்ததும், "இன்னா மனுஷன் இவரு, ஆண்டவருகிட்டப் போயி என்னப் பத்திப் பேசிக்கினு கீறாரு" என்று கூச்சப்பட்டார். பொய் சொல்வானேன், எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. போகப் போக, பிரசங்கம் முடிந்த உடனே செயலாளர் எழுந்து வருகிறாரா என்று அவர் பார்க்க ஆரம்பித்தார். வேறு யாராவது முடிவு ஜெபம் பண்ணிவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சோறு அவருக்கு இறங்காது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பார். உப்பு சரியாகத்தான் இருக்கும்.

அதற்கு முன்பு அவர் இப்படி இல்லை. வாரம் தவறாமல் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போவார். அங்கே சில மலைக்காரக் குடும்பங்கள் ஒரு அக்கா வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அந்த அக்கா சாமைக் காட்டிலிருந்து அப்படியே வந்து உட்காருவார், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். "உபதேசியாரே, நீ இன்னிக்குச் சொன்னது ஒண்ணும் வெளங்கல. மறுபடி சொல்லு." இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், சிரித்துவிட்டு வேதத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார். செயலாளர் அதிலும் கை வைத்தார். "ஐயா, உங்க பேச்சக் கேக்கக் கள்ளக்குறிச்சியில கன்வென்ஷன் கூட்டமே காத்துக்கினு இருக்குது. மலைமேல நாலு பேருக்காக ஏன் தொண்டையத் தேச்சுக்கிறீங்க?" மலைக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. அக்காவின் கணவர் இறந்துபோன சேதி வந்த அன்று இவர் கள்ளக்குறிச்சியில் மேடையில் இருந்தார். உபதேசியார் வருவார், வருவார் என்று சாயந்தரம் வரை பார்த்துவிட்டு அவர்களே அடக்கம் பண்ணினார்கள். நான் சண்டை போட்டேன். "உனக்குப் பொறாமை" என்றார். என் புருஷன்மேல் எனக்கு என்ன பொறாமை! அந்த வார்த்தையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சீக்கிரமே தெரிந்தது.

எங்கள் ஆயர் மாதத்துக்கு ஒருமுறை நற்கருணை கொடுக்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் சபையை நடத்துவார். என் கணவருக்கு இந்த ஊழியத்தை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எங்கள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். வருஷக்கணக்காக ஒரே ஆள் செயலாளராக இருக்கிறாரே, இந்தத் தடவை தேர்தல் வைக்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து செயலாளர் என் கணவரின் காதை விடவில்லை. "ஆயருக்கு உங்க மேல பொறாமைங்க ஐயா. உங்கள வளரவுடமாட்டாரு." செயலாளர் எழுதிப்போட்ட புகாரை மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்தபோது என் கணவர் எழுந்து நின்று, ஆயர் மந்தையைக் கவனிப்பதில்லை, ஊழியக்காரர்களை நசுக்குகிறார் என்று சொன்னார். நன்றாகவும் சொன்னார், பேச்சுக்காரர் இல்லையா! ஆயர் அவரைப் பார்த்து, "நீங்களா, உபதேசியாரே?" என்று மட்டும் கேட்டார். ஆயரை மாற்றிவிட்டார்கள்.

புது ஆயர் இளைஞர். அவர் வந்த முதல் ஞாயிறே முடிவு ஜெபத்துக்குச் செயலாளர் எழுந்தார். "ஆண்டவரே, இவரைப் போல ஒரு பாத்திரத்தை எங்களுக்குத் தந்தீரே! இவர் வாயைத் திறந்தால் வானமே திறக்கிறதே!" ஒரு சொல் மாறவில்லை. இந்தத் தடவை வேண்டுமென்றே கண்ணைத் திறந்து பார்த்தேன். அதே ஒரு கண், புது ஆயரின் முகத்தில். அட பாவி! கொஞ்ச நாளில், இந்தச் சபைக்குத் தனியாக ஒரு உபதேசியார் தேவையில்லை என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்துக்கும் முடிவு ஜெபம் செயலாளர்தான். "ஆண்டவரே, பெருமையினால் விழுந்துபோன எங்கள் சகோதரனை மன்னியும்." பெருமையை ஊட்டி ஊட்டி வளர்த்த வாய் அது! எல்லோரும் "ஆமென்" என்றார்கள். என் கணவரும் சொன்னார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. மன்னிக்க வேண்டும் என்று வேதம் சொல்வது எனக்குத் தெரியும். தினமும் முயற்சி பண்ணுகிறேன், வரமாட்டேன் என்கிறது.

வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். கிடைத்தது, உரக்கடையில் இருக்கிறார். ஜெபம் போனால் எங்கே போய்த் தேடுவது? கேட்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்றே பேசிப் பழகிவிட்டார். தனியாக முழங்கால் போட்டால் ஒரு சொல்லும் எழும்புவதில்லை. ஆண்டவர் ஒருவர் மட்டும் கேட்டால் போதும் என்ற நிம்மதியை அந்தச் செயலாளர் திருடிக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணக்கூட இப்போது என்னைத்தான் சொல்கிறார்.

போன மாதம் நானே அவரை வெள்ளிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போனாலாவது பழைய மனுஷன் திரும்பி வருவாரா என்று ஒரு ஆசை. அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சாமைச் சோறு போட்டார், மொச்சைக் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டுக் கை கழுவியதும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு ஜெபம் பண்ணட்டுங்களா?" என்று கேட்டார்.

"வோணாம் உபதேசியாரே. நீ வராம போனதிலருந்து நாங்களே பண்ணிக்கிறோம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். "ஏசப்பா, வந்தவங்க பத்திரமா கீழ போய்ச் சேரணும். மழ வரணும். ஆமென்." அவ்வளவுதான்.

இறங்கி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மனசு உடைந்திருக்கிறார், நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மலை முடிந்து தரைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, "நான் பண்ணியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டார். நான் "ஆமாங்க" என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"இல்லீங்க. அந்த அக்கா பண்ணதுதான் ஜெபம்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சங்கராபுரம் வரும்வரை திரும்பியே பார்க்கவில்லை. அந்தச் செயலாளர்மேல் அவர் ஒருநாளும் இப்படிக் கோபப்பட்டதில்லை.